கறுத்துப்போன திரை

“தட்டுங்க மாமா, விடாம தட்டுங்க! உயிர் வர்ற அந்த நொடியிலேயே தட்டணும். விட்டா போச்சு!”

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினன் செல்போனில் கத்தினான். மெக்கானிக்கும் விரல் வலிக்கத் தட்டினார். பார்சல் ஆபீஸின் புதுக் கம்ப்யூட்டர் மசியவில்லை.

விஷயம் சின்னதுதான். ஆபீஸின் பார்சல் பட்டியல் முழுக்கப் பழைய டிஸ்க்கில் இருந்தது. புது மிஷின் அந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால், பயாஸ் என்கிற உள் அமைப்புக்குள் புகுந்து ஒரே ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். பவர் பட்டனை அமுக்கிய கையோடு டெலீட் பட்டனைத் தட்டினால் அந்த நீலப் பக்கம் திறக்கும். திறக்க வேண்டும்.

இங்கே தட்டாமல் விட்டால் விண்டோஸ் ஜம்மென்று வந்து நின்றது. தட்டினாலோ, திரை கறுத்துப்போய்க் கிடந்தது. இருபது எண்ணிப் பார்ப்பார், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பார், மறுபடி முதலிலிருந்து. காலையிலிருந்து இது பதினேழாவது தடவை.

“எனக்கு இந்தப் பக்கம் ஒரு திரை, ஜனங்க நம்பர் பார்க்க கவுண்டர் உச்சியில அந்தப் பக்கம் ஒரு திரை. எல்லாம் புதுசா வாங்கிக் குடுத்து என்ன சார் புண்ணியம்?” என்று கிளார்க்கம்மா முணுமுணுத்தார். கண்ணாடிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

“மாமா, பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஏற்கெனவே ரெண்டு இடத்துல உங்கமேல புகார். இதுவும் போச்சுன்னா கடைக்கு வேற ஆள்தான் பார்க்கணும். அக்காகிட்ட நான் எந்த முகத்தோட பேசறது?”

மெக்கானிக்கின் காது சுட்டது. ‘தம்பிகிட்ட இன்னிக்காவது நல்ல பேர் வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை அணைத்தார்.

“அடடா, போச்சே!”

வெளியே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த லோடுமேன்தான். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அந்த ஆள் இப்படித்தான் உச்சுக் கொட்டினார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“யோவ்! மூட்டை தூக்கறது உன் வேலை, அதைப் பாரு. கம்ப்யூட்டரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“இல்லீங்க சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேணாம்! இனிமே அந்தப் பக்கத்துலேருந்து யாராவது வாயைத் திறந்தீங்க, எல்லாத்தையும் போட்டது போட்டபடி கிளம்பிடுவேன். ஒருத்தருக்கும் பார்சல் கிடையாது!”

வரிசை கப்சிப் ஆனது. லோடுமேன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

கீபோர்டைப் பின்பக்கத் துளைக்கு மாற்றித் தட்டினார். கறுப்பு. அணைத்தார். மூடியைக் கழற்றி, ராம் கார்டைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகித் தட்டினார். அதே கறுப்பு. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது.

“போர்டே அவுட்டு மாப்ள. கம்பெனிக்காரன் அனுப்பினதே ஓட்டை மிஷின்.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “வெச்சிட்டு வந்துடுங்க மாமா. நாளையிலேருந்து கடைக்கு வர வேணாம், வீட்லயே ரெஸ்ட் எடுங்க.”

மிஷினை அணைக்கக்கூட மெக்கானிக்கின் கை எழவில்லை. ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டார், பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அத்தனை பேரும் அவர் முகத்தையும் கவுண்டரின் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லோடுமேன் மட்டும் எழுந்து, வாயைப் பொத்திய கையை லேசாக விலக்கினார். “இப்பவாச்சும் பேசலாங்களா?”

“சொல்லித் தொலைய்யா.”

லோடுமேன் ஜனங்கள் பக்கத்துத் திரையைக் கை காட்டினார்.

“இந்த நீலத்தை ஒவ்வொரு தடவையும் வந்த உடனே அணைச்சீங்களே, இப்ப மட்டும் அணைக்காமலே போறீங்களே சார்?”