உலைப் பக்கம் வராதே

"நாளையிலேர்ந்து நீ உலைப் பக்கம் வராதே. ஸ்டோர்ல போய் உட்காரு."

மேஸ்திரி இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து, பதினோரு பேர் முன்னால் சொன்னார். சொன்னதோடும் விடவில்லை.

"கை ரொம்ப மெதுவாயிடுச்சு உனக்கு. இரும்பு ஆறினப்புறம் அச்சுல ஊத்தி என்ன பிரயோஜனம்?"

பதினான்கு வருஷமாக உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டாம். கொதிக்கிற இரும்பின் நிறத்தை வைத்தே இப்போது ஊற்றலாம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லிவிடுவான். அந்தப் பட்டறையில் அது தெரிந்தவர்கள் இவனும் மேஸ்திரியும்தான்.

ஸ்டோர் என்பது போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. காலில் அடிபட்டவர்களையும், ரிட்டயர் ஆகப் போகிறவர்களையும் உட்கார வைக்கிற இடம்.

யாரோ சிரித்தார்கள். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே ஒரு மாதிரி ஆயிட்டான், பாவம்" என்று கிரேன் ஓட்டுகிறவர் பரிந்துகொண்டு வந்தார். சிரிப்பைவிட அது மோசமாக இருந்தது.

ஆபரேஷன் செய்துகொண்டது உண்மைதான். எதற்கு என்பதில்தான் பொய்.

கல்யாணமாகி ஏழு வருஷம். முதல் ஐந்து வருஷம் டெஸ்ட், ஊசி, மாத்திரை எல்லாம் மனைவிக்குத்தான். அவளுடைய ஃபைல் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. போகிற விசேஷத்தில் எல்லாம் சொந்தக்காரர்கள் அவளை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். இவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. இவனும், நல்லவேளை என்று இருந்துவிட்டான்.

ஆறாவது வருஷம் புதிதாக வந்த ஒரு டாக்டர், "இவருக்கு என்ன டெஸ்ட் எடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். எடுத்துப் பார்த்தால் விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. உயிரணு குறைவு. சின்ன ஆபரேஷன், காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம் என்றார். மனசைத் தேற்றிக்கொண்டு சம்மதிக்க இவனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

பட்டறையில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு வாங்கினான். மூன்று வாரத்தில் திரும்பவும் வந்துவிட்டான். எடை தூக்கலாம், ஆனால் ஆறு மாசத்துக்கு உலைச் சூட்டில் நிற்கவே கூடாது, நின்றால் உயிரணு மறுபடியும் குறைந்து செய்ததெல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாயிற்றா என்று மனைவி தினமும் விசாரித்தாள். நாளைக்குக் கேட்கிறேன் என்று இவனும் தினமும் சொன்னான்.

"அஞ்சு வருஷமா யார் யாரோ கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேங்க. நீங்க ஒரே ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கோபமில்லை, அலுத்துவிட்டது.

இவனுக்கும் குழந்தை ஆசை இல்லாமலா? ஆனால் மாற்றச் சொன்னால் ஏன் என்பார்கள். காரணம் சொன்னால் அடுத்த ஷிப்டுக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். முன்பல் ஒன்று விழுந்தவனுக்கே இரண்டு வருஷமாகப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற கூட்டம் அது. வாயை மூடிக்கொண்டு ஐந்து வாரம் உலைக்கு முன்னாலேயே நின்றான்.

இப்போது கேட்காமலே மாற்றல் கிடைத்துவிட்டது. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எல்லார் எதிரிலும் பட்ட அவமானம்தான் முதலில் உறைத்தது. கையைக்கூடக் கழுவாமல் மேஸ்திரி அறைக்குப் போனான்.

"பதினாலு வருஷத்துல என்னால ஒரு வார்ப்பு கெட்டிருக்கா மேஸ்திரி? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, ஸ்டோருக்குப் போறேன்."

"கெடலை."

"அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னீங்க?"

மேஸ்திரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டுவதென்றால் கதவைத் திறந்து வைத்துத்தான் திட்டுவார். அவர் சாத்தி இவன் பார்த்ததே இல்லை.

"குடலிறக்கம் ஆனவன் எடை தூக்கத்தான் பயப்படுவான். நீ மணல் மூட்டையைத் தனியாத் தூக்கறே. உலைக் கதவைத் திறந்தா மட்டும் நாலடி பின்னால போறே."

இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கை மெதுவாயிடுச்சுன்னு சொன்னா ஒரு வாரம் சிரிச்சுட்டு விட்டுடுவானுங்க. நிஜக் காரணம் தெரிஞ்சா நீ ரிட்டயர் ஆகிற வரைக்கும் சிரிப்பானுங்க. ஆறு மாசம் ஸ்டோர்ல இரு. யாராவது கேட்டா என்னைத் திட்டு."

"உங்களுக்கு எப்படி மேஸ்திரி தெரியும்?"

அவர் இவனைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாக உலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் இதே ஆபரேஷன்தான்ப்பா பண்ணாங்க. மாத்தச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டுக்கிட்டு அங்கேயே நின்னுட்டேன். எங்க வீட்ல இன்னிக்கும் ரெண்டு தட்டுதான்."