அந்த ஊர்ப் பாவப்பட்ட பிள்ளை

ரிப்பன், பம்பரம், வண்ணப் பென்சில் எல்லாம் அடுக்கிய அட்டைப்பெட்டியைப் போதகரின் மேசைமேல் வைத்தாள் எட்டு வயதுச் சிறுமி.

"ஐயா, இதை வெளிநாட்டுக்கு அனுப்பணும்."

"அடேயப்பா, வள்ளல் மகாராணி! யாருக்கு?"

"அங்க ஒரு பிள்ளைக்கு. ரொம்பப் பாவம். கூடப் பிறந்தவங்களே இல்ல. தனி அறையில தூங்க வைக்கிறாங்களாம். சாப்பிடுறதும் தனியாத்தானாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவளே கடிதம் எழுதியிருக்கா. டீச்சர் படிச்சுச் சொன்னாங்க."

"கடிதமா? உனக்கா?"

"ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு வெளிநாட்டுலேருந்து வந்த பரிசுப் பெட்டிய நேத்து நம்ம விடுதியில குடுத்தீங்களே, என் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நாங்களாவது ஒரே அறையில இருபது பேரு இருக்கோம். அவளுக்கு யாரு இருக்கா, ஐயா?"

சிரிக்க வாய் திறந்த போதகர், அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்துப் பெட்டிமேல் முகவரி எழுதத் தொடங்கினார்.