முதலில் கூப்பிட வேண்டிய பெயர்

முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டு விரிவுரையாளர் ஒரு நொடி தயங்கினார்.

அந்தப் பெயருக்கு உரியவன் செத்துப் பல வருடம் ஆகிறது.

மாணவர்களுக்கு இது தினசரிக் கூத்து. முன்வரிசையில் ஒருத்தி சிரிப்பு வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த விரிவுரை அரங்கத்தைக் கட்டிக்கொடுத்தது செத்தவனுடைய அம்மா. ஒரே பிள்ளை போன பிறகு, இருந்த நிலத்தையும் கடையையும் விற்றுப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கல்லில் பெயர் வேண்டாம், சுவரில் படம் வேண்டாம் என்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் முதல் வகுப்பில் மகன் பெயரை முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவரே வாய்விட்டு, 'வரலை' என்று சொல்ல வேண்டும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? சரி என்று வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

இந்த வருடம் அந்தப் பொறுப்புக்கு வந்த இந்த விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அழுகுணி சார். பொருத்தமான பெயர்தான். சினிமாவில் நாய்க்குட்டி தொலைந்தால்கூட அவருக்குக் கண் கலங்கிவிடும்.

நேற்று மாலை துணிக்கடையில் அந்த அம்மாவைப் பார்த்தார். வாலிபப் பையன்கள் போடுகிற நீலச் சட்டை ஒன்றைக் கையில் விரித்து, தோள் அகலம் சரியாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

செத்த பிள்ளையைத் தினமும் வரலை, வரலை என்று நாமே சொல்லிக்காட்டுகிறோமே, இது என்ன பாவம் என்று சார் இரவெல்லாம் புரண்டார்.

ஒரு நாளாவது மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

"வந்தாச்சு" என்றார்.

சிரிப்பு நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். மனசு லேசாகிவிட்டது. பாடம்கூட அன்றைக்கு நன்றாகவே வந்தது.

மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அந்த அரங்கத்து இருக்கைகள் ஆள் எழுந்தால் தானே மேலே மடங்கிக்கொள்ளும். டக், டக், டக் என்று வரிசை வரிசையாக மடங்கின.

கடைசி வரிசையில் ஓர் இருக்கை மட்டும் மடங்கவில்லை.

ஸ்பிரிங் போயிருக்கும், ஆளை வரச்சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி பையை மூடினார். செல்போன் அடித்தது. அந்த அம்மாதான். பொறுப்பேற்றபோது எண்ணை வாங்கிக்கொண்டதோடு சரி, ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"தம்பி, இன்னைக்கு வரலைன்னு சொல்ல மறந்துட்டீங்களா?" குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்திருந்தவன் பாதியில எழுந்து போயிட்டான். புதுச் சட்டையோட."

அவர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மடங்காத இருக்கையை விட்டுக் கண் நகரவில்லை.

இத்தனை வருடம் பல்கலைக்கழகம் அந்தத் தாய்க்குச் செய்த ஒரே கைம்மாறு, 'வரலை' என்று சொல்லி அவர் பிள்ளையை வீட்டிலேயே இருக்க விட்டதுதான்.

"வகுப்பு முடிஞ்சிருக்குமே தம்பி. வெளிய விட்டுராதீங்க. ரோட்டைத் தாண்டும்போது அவன் ரெண்டு பக்கமும் பாக்க மாட்டான். அன்னைக்கும் அப்படித்தான்..."

டக்.

கடைசி வரிசை இருக்கை மேலே மடங்கியது.

வாசல் கதவு ஓர் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.