சோதனைக்குப் போன தண்ணீர்

1942 ஜூன் ஒன்பதாம் தேதி, திருவனந்தபுரத்தை அடுத்த பாலக்குழிச் சேரியில் சாத்தனின் இளைய மகள் வயிற்றுப்போக்கில் இறந்தாள். சேரிக் கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி, நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி இருந்தது.

"தொட்டி கசிஞ்சு கிணத்துல கலக்கறதாம். இன்னும் ரெண்டு குழந்தைகள் இருக்கு, தொட்டியை மூடுங்கோன்னு சாத்தன் மனுக் கொடுத்திருக்கான்," என்றார் சுகாதார இலாகா குமாஸ்தா சாம்பசிவன், இரண்டு வாரம் கழித்து ஸ்ரீவராகத்தில் தன் வீட்டில் காபியை ஆற்றிக்கொண்டே.

"நிஜமா இருந்துட்டா?" என்றாள் மனைவி பாகீரதி.

"எப்படி இருக்கும்? கிணத்துத் தண்ணியைப் பாட்டில்ல எடுத்து சோதனைக்கு அனுப்பினதே நான்தான். சுத்தமான தண்ணின்னு ரிப்போர்ட் வந்தாச்சு. வாசிச்சுக் காட்டினா, ரிப்போர்ட்டே பொய்ங்கறான். இவனுக்கு ரசாயனம் தெரியுமோ?"

பாகீரதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சேரிக் கயத்தைத் தொட்டுத் தண்ணி இறைச்சுட்டு அப்படியேவா ஆத்துக்கு வந்தேள்? அன்னிக்குக் குளிக்கக்கூட இல்லையே. நேரே அடுக்களைக்குள்ள வந்தேளே."

"அசடே, அங்கெல்லாம் யார் போனா? நம்மாத்துக் கிணத்துல மொண்டதுதான்."

"அப்பாடா," என்றாள் பாகீரதி.

மறுநாள் மனு தள்ளுபடியானது. சாத்தனின் மற்ற இரண்டு குழந்தைகளுக்கும் அதே கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தார்கள்.