கை நீளம்

தையற்கடை மேசைமேல் விரித்திருந்த கருநீலக் கோட்டின் கையில் மூன்று விரல் அகலத்துக்குத் தங்கப் பட்டை. காலரில் குத்தியிருந்த சீட்டில் ‘சிக்ரிட்’ என்று பெயர். இல்வாவின் கால்சட்டையை வாங்கிப்போக வந்த தோர்கெலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவன் மனைவி இல்வாவும் இந்த சிக்ரிட்டும் கடற்படைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கார்ல்ஸ்க்ரூனா துறைமுகத்தில் ஒரே நாளில் கொம்மெண்டோர் பதவிக்கு உயர்ந்தார்கள். இப்போது சிக்ரிட் மட்டும் ஒரு படி ஏறி அட்மிரலாகிவிட்டாள். இல்வாவின் கையில் அதே மெல்லிய பட்டைகள்தான்.

“நேத்து ராக்னர் என்னை மீன் கடையில நிறுத்தி, ‘இனிமே நான் அட்மிரல் வீட்டுக்காரன்’னு இளிக்கிறான்! அவன் பொண்டாட்டி கப்பல் ஓட்டினா பாலத்துல இடிக்கும். என் இல்வா கால்தூசிக்குப் பெறுவாளா?”

தையற்காரர் அஸ்ஸார் பட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே, “காபி ஊத்திக்கோ. ஏலக்காய் ரொட்டி இருக்கு” என்றார்.

தோர்கெல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்:

“சிக்ரிட்டுக்கு இனிமே ஸ்டாக்ஹோம்லதானே வேலை?”

“ஆமா. இந்தப் பட்டை வந்தா அங்கதான் போகணும்.”

“யாருக்கு வேணும் ஸ்டாக்ஹோம்! போன மாசம் இல்வாகூட, ‘அங்க போய் இருக்கலாமா’ன்னு பேச்சுக்குக் கேட்டா. ‘வேணும்னா நீ தனியாப் போ, என் படகை விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டேன்’னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்.”

அஸ்ஸாரின் கை நின்றது. அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோட்டுக் கையில் சுண்ணக்கோடு போட்டு, கத்தரியை எடுத்தார்.

நாலு விரல் அளவுக்குத் துணி வெட்டுப்பட்டு விழுந்தது. தோர்கெலின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பொறாமைக்காரனுக்கு அடுத்தவன் கோட்டில் பிழை கிடைத்தால் போதாதா?

“என்ன பெரியவரே, இம்புட்டு நீளமா வச்சுட்டீங்க? சிக்ரிட் குள்ளம்னு ஊருக்கே தெரியும். நாப்பது வருஷமாத் தைக்கிறீங்க, ஒரு கையை அளக்கத் தெரியலையே!”

அஸ்ஸாருக்குச் சுருக்கென்றது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

“என் அளவுல ஒரு தப்பும் இல்ல. இல்வாவுக்குத் தைச்ச கோட்டுய்யா இது. போன மாசம் வந்து வேணாம்னுட்டா.”