தாழ்ப்பாள்

"ரெண்டாம் வகுப்புப் பொண்ணு டீச்சரை உள்ளே வச்சுப் பூட்டிட்டாளாம். அதுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவீங்களா? நல்லா இருக்கு மேடம் உங்க நியாயம்."

தலைமை ஆசிரியையின் அறையில் அப்பா ஆரம்பித்தபோது குரல் தேனாகத்தான் இருந்தது. ஸ்கூட்டர் ஷோரூம் மேலாளர். வழி கேட்டு வந்தவரைக்கூட வண்டியோடு அனுப்பி வைக்கிற வாய். வருஷத்தின் நடுவில் வேறு எந்தப் பள்ளியும் மகளைச் சேர்த்துக்கொள்ளாது. அந்த வாயைத்தான் இன்றைக்கு நம்பி வந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் அம்மா. அவள் மடியில் சாய்ந்தபடி சிட்டு. பேர்தான் சிட்டு, அந்தச் சம்பவத்திலிருந்து வாயே திறக்கவில்லை.

நடந்தது இதுதான். விடைத்தாள் விஷயமாகத் தாளாளர் சத்தம் போட்டுக்கொண்டே டீச்சரைத் தேடி வந்திருக்கிறார். சிட்டு, "ஒண்ணு காட்டறேன் வாங்க டீச்சர்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், விளையாட்டுச் சாமான் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். தாளாளர் கேட்டதற்கு, "டீச்சர் இங்க இல்ல" என்று பச்சைப் பொய் வேறு. டீச்சருக்கு மூச்சுத்திணறல் உண்டு. கதவைத் திறந்தபோது மயங்கிக் கிடந்தார்.

"ஏன் செஞ்சேன்னு சொன்னாலாவது மறுபடி யோசிக்கலாம். சொல்ல மாட்டேங்கிறாளே" என்றார் தலைமை ஆசிரியை.

ஓரமாக நின்ற டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை. "பாசமான பொண்ணு சார். என் மேல அப்படி என்ன கோபம்னுதான் புரியல."

"எங்க வீட்டுல வந்து பாருங்க. அதிர்ந்து ஒரு பேச்சு கிடையாது. பூ மாதிரி வளர்க்கறோம்." அப்பா மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயும் சொல்லேன்."

"ஆமாங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். நிர்வாகம் எடுத்த முடிவு, தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

தேன் அத்தோடு தீர்ந்தது. அப்பா எழுந்து மேஜையில் ஓங்கி அறைந்தார். பேனாக்கள் உருண்டோடின. யாரிடம் பேசுகிறீர்கள் தெரியுமா, பள்ளிக்கூடத்தையே இழுத்து மூட வைக்கிறேன் என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

நடுவில் அவருக்கே ஏதோ உறைத்தது. எதிரில் இருந்த தலைமை ஆசிரியை அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினார். மனைவியின் நாற்காலி காலி. அறையோடு ஒட்டியிருந்த சின்ன அறையின் கதவு சாத்தி, தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதில் முதுகை அழுத்திக்கொண்டு சிட்டு நின்றாள். ஒரு கை தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"குழந்தை இங்கேயே படிக்கட்டும் சார். நிர்வாகத்துக்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியை, மெதுவாக.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. அது அப்பாவின் காதில் விழவில்லை. மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே எடுத்து வைத்திருந்த குரலில் கேட்டார்.

"கதவைத் திறம்மா."

சிட்டு தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இங்க இல்லப்பா."