சென்ற் போத்தலில் பெற்றோல்

அவர் காரின் திறப்பைத் திருப்பினார்.

டட்சன் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு வாயை மூடிக்கொண்டது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கார் வாங்க வந்த நிரோஷன் பொனற்றைத் திறந்து, எஞ்சின் மேலிருந்த எயார் ஃபில்டர் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளிநொச்சிப் பெடியன். பழைய ஜப்பான் கார் என்றால் விசர். கொண்டுவந்த பெற்றோலில் பாதியை டாங்கியில் ஊற்றியாயிற்று. மீதிப் போத்தல் மதிலோரம் நின்றது.

ஸ்டார்ட் வராவிட்டால் அவன் வாங்கமாட்டான்.

வாங்காவிட்டாலும் மாதமுடிவில் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். மகளின் ஃபிளாட். அங்கே ஆள் நிற்கவே இடமில்லை, டட்சன் எங்கே நிற்கும்?

"டிரைவர்!"

போர்ட்டிக்கோவில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி அவர் மனைவி மங்கையற்கரசி கூப்பிட்டாள்.

"ஐயா எப்ப வாறார்?"

"வந்திடுவார் அம்மா" என்றார் அவர்.

தை பிறந்ததிலிருந்து இப்படித்தான். அவளுடைய மறதிக்குள் அவருக்குக் கிடைத்த உத்தியோகம் இது. முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை. இப்போது பழகிவிட்டது. நல்ல டிரைவர். லீவே எடுப்பதில்லை.

ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது அவள் தன்னைப் புருஷனென்று அறிந்து கூப்பிட வேண்டும்.

கலியாணம் முடித்த நாள்தொட்டு அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ'தான். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை இரைச்சலில் அவள் கூப்பிட்டால், இவர் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்.

"ஐயா, இந்தக் கம்பெனிக்காரர் டட்சன் எண்ட பேரையே விட்டிட்டு நிசான் ஆகிட்டாங்கள், தெரியுமோ?" என்றான் நிரோஷன். "இடையில ஒருக்கா அந்தப் பேரைத் திருப்பிக் கொண்டந்தவங்கள்."

"திரும்பி வந்ததோ?"

"கொஞ்சக் காலம். பிறகும் விட்டிட்டாங்கள்."

அவர் போர்ட்டிக்கோவைப் பார்த்தார்.

நிரோஷன் டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து, கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் மங்கையின் மடியில் வைத்தான். நல்லூர் விபூதிப் பொட்டலம். பல் உடைந்த சீப்பு. வாசனை அடிக்கிற ஒரு சென்ற் போத்தல்.

அட, அது இன்னும் இருக்கிறதா!

போர்த் தடையால் பெற்றோல் வராத காலம் அது. யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடின என்றால் சும்மா இல்லை. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. அதன் வாயில் துளிப் பெற்றோல் காட்ட வேண்டும். அந்தத் துளிக்கு எங்கே போவது? யோசித்தவள் மங்கைதான். கலியாணத்துக்கு வந்த சென்ற் போத்தலைக் கழுவிக் காயவைத்து, கிடைத்த பெற்றோலை அதற்குள் அடைத்தாள். காலையில் பொனற்றுக்குள் குனிந்து புஸ், புஸ் என்று இரண்டு அடி. வீணில்லை, சிந்தலில்லை. அவர் உள்ளே திறப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அவள் சொன்னால்தான் திருப்பலாம். முந்தினால் ஏச்சு விழும்.

ஊரே இடம்பெயர்ந்த அன்றைக்கும் அப்படித்தான். கொட்டுகிற மழையில், சேலைத் தலைப்பால் போத்தலை மூடிக்கொண்டு குனிந்தாள். டட்சன் கைவிடவில்லை. வெள்ளைப் புகையைக் கக்கிக் கக்கி அவர்களைச் சாவகச்சேரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கதிரை நிலத்தில் உராய்ந்த சத்தம் கேட்டது.

மங்கை எழும்பியிருந்தாள்.

மதிலோரம் நடந்தாள். பெற்றோல் போத்தலை எடுத்தாள். சென்ற் போத்தலின் மூடியைத் திருகிக் கழற்றி, அதற்குள் ஊற்றினாள்.

"அம்மா, கவனம்..." என்று நிரோஷன் பாய்ந்தான்.

அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

ஒரு துளி சிந்தவில்லை. காலையில் தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டவள்.

அவள் பொனற்றுக்குள் குனிந்தாள். இப்போது அவருக்கு அவள் தெரியவில்லை. தூக்கி நிறுத்திய தகரம்தான் தெரிந்தது.

புஸ்.

புஸ்.

பெற்றோல் மணம் உள்ளே வந்தது.

அவர் திறப்பில் கை வைத்தார். திருப்பவில்லை.

"இஞ்சாருங்கோ..."

கடவுளே.

"இப்பத் திருப்புங்கோ."

திருப்பினார். டட்சன் ஒரு குலுங்குக் குலுங்கி, பிடித்துக்கொண்டது. சுவரில் இருந்த காகம் பறந்தது. நிரோஷன் கைதட்டினான்.

"சிங்கம் ஐயா! இண்டைக்கே கொண்டுபோறன்!"

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"ஏன் ஐயா? நல்லாத்தானே..."

அவனைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலால் தலையை வெளியே நீட்டினார்.

"பிடிக்கேல்லை மங்கை. இன்னொருக்கா அடியும்."

பொனற்றுக்குப் பின்னாலிருந்து ஏச்சு வந்தது.

"முந்தாதேங்கோ எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொல்றது!"

அவர் திறப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.